யானை இறங்கிய கரை

சென்னைத் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் ஏற வருகிறவர்களில் பெரும்பாலோர் ஊரைப் பார்ப்பதில்லை. முந்தின இரவு எழும்பூரிலோ சென்ட்ரலிலோ வந்து இறங்குகிறார்கள். ரயிலடிக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதியில் தூங்கி எழுந்து, மறுநாள் மதியம் பெட்டியை உருட்டிக்கொண்டு துறைமுக வாசலுக்குப் போய்விடுகிறார்கள். 2022 ஜூன் 4ஆம் தேதி ‘எம்பிரஸ்’ கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்ததிலிருந்து இந்தக் கூட்டம் ஆண்டுதோறும் வருகிறது. அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போகத் தொடங்கியது. பார்க்க வேண்டிய பழைய ஊர்கள் எல்லாம் கப்பல் போய்ச் சேரும் இடத்தில்தான் இருக்கின்றன என்று பயணிகள் நினைத்துக்கொள்கிறார்கள். கப்பல் புறப்படும் இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகக் கடலோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ஒரு பட்டினம் இருப்பது அவர்கள் கணக்கில் வருவதில்லை.

நானும் அப்பத்தாவும் அந்த இலங்கைக் கப்பலுக்குத்தான் சீட்டு வாங்கியிருந்தோம். அப்பத்தாவுக்குக் கப்பல் புதிதில்லை. பினாங்கில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த தகப்பனாரோடு சிறு பிள்ளையாக ‘ரஜூலா’வில் வந்து சென்னையில் இறங்கியவர். அன்றைக்கே காரைக்குடிப் பக்கம் ரயிலேறிவிட்டதால், இறங்கிய ஊரைப் பார்க்காமலே எழுபது வயதைத் தாண்டிவிட்டார். “கப்பலுக்குப் போறதுக்கு முந்தி ஒரு நாளு இந்த ஊரைக் காட்டிரு ஆத்தா” என்று கேட்டிருந்தார். பட்டினப்பாக்கத்தில், ஃபோர்ஷோர் எஸ்டேட் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில், உறவுக்காரர் வீடு இருந்தது. அங்கே தங்கினோம். ஆடி மாதம்.

பட்டினப்பாக்கம் கடற்கரையை மெரினா என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மெரினாவில் சாலையிலிருந்து தண்ணீருக்கு நடந்து சேர்வதற்குள் கால் ஓய்ந்துவிடும். இங்கே கடல் எதிர்வீடு. விடிவதற்கு முன் போனபோது வெளிச்சம் இன்னும் சாம்பல் நிறத்தில் இருந்தது. மூன்று பேர் ஒரு ஃபைபர் படகைத் தோள் கொடுத்து மணலில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். படகின் மூக்கு தண்ணீரைத் தொட்டதும் நிறுத்தினார்கள். ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அலை வந்தது, விட்டார். அடுத்தது வந்தது, அதையும் விட்டார். திடீரென்று ஒரு குரல் கொடுத்தார். மற்ற இருவரும் தள்ளிவிட்டு ஏறிக்கொள்ள, மோட்டார் உறுமியது. அடுத்த அலை எழுந்து உடைவதற்குள் படகு அதன் முதுகில் ஏறி அந்தப் பக்கம் போய்விட்டது.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், எந்த அலையில் போக வேண்டும் என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். “பாத்துக்கினே இருந்தா தெரியும்மா. பெரிசா வரும், அப்பால கொஞ்சம் அடங்கும். அந்த சந்துல பூந்துடணும்” என்றார். தெற்கேயிருந்து வடக்கே நீர் ஓடினால் அது ‘தெண்டி’. அது ஓடுகிற நாளில் வலையை எங்கே விட வேண்டும், எங்கே போய் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தனிக் கணக்கு இருந்தது.

அந்த மூன்று பேர் செய்த வேலையை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த ஊரின் வரலாறு பாதி விளங்கிவிடும். சென்னைக் கடற்கரையில் இயற்கையான துறைமுகம் எதுவும் கிடையாது. வளைகுடா இல்லை. காற்றுக்கு ஒதுங்கத் தீவும் இல்லை. அடையாறும் கூவமும் கடலில் சேரும் இடங்களை மணல் திட்டு அடைத்துக்கொள்கிறது. வந்த கப்பல்கள் எல்லாம் கரைக்கு வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நின்றன. ஆளும் சரக்கும் அலை உடையும் அந்தப் பட்டையைத் தாண்டிக் கரை சேர வேண்டும். தாண்டவைத்தவர்கள் இந்தக் கரையில் பிறந்தவர்கள். ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலா படகு அவர்களுடைய கருவி. ஆணி அடித்த படகு அலை மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். ஐரோப்பியர் எழுதிவைத்த சென்னைக் குறிப்புகளில் இந்தப் படகில் கரை சேர்ந்த பயம் இல்லாத குறிப்பு அரிது.

கடலை ஒட்டித் தெற்கே நடந்தால் சீனிவாசபுரம். அதற்கப்பால் அடையாறு கடலில் கலக்கிறது. ஆற்றுக்குக் குறுக்கே பாதியில் அறுந்து நிற்கிறது உடைந்த பாலம். 1967இல் கட்டி, பத்தே ஆண்டில், 1977இல் வெள்ளம் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது. அக்கரையில் பெசன்ட் நகர் தெரிகிறது. பாலம் திரும்பக் கட்டப்படவில்லை. சினிமாக்காரர்களுக்கு அது நல்ல இடமாகிவிட்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி சீனிவாசபுரத்தை வாரிக்கொண்டு போனது. அண்மை ஆண்டுகளிலும் கடல் உள்ளே வந்து வீடுகளை எடுத்திருக்கிறது. இடிந்த சுவர் ஒன்றின் மேல் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அப்பத்தா அவரிடம் போய், “பயமா இல்லையா ஆத்தா?” என்று கேட்டார். “எங்க போறது பாட்டி? கடலு இங்கதான இருக்குது” என்று அந்தப் பெண் சிரித்தார்.

வடக்கே திரும்பி லூப் சாலைக்கு வந்தோம். பட்டினப்பாக்கத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை கடலோரமாகவே போகும் இந்தச் சாலையில் முள்ளிக்குப்பம், டூமிங்குப்பம், நொச்சிக்குப்பம் என்று வரிசையாக மீனவர் குப்பங்கள். முன்பெல்லாம் சாலையின் இரு பக்கமும் பலகை போட்டு மீன் விற்றார்கள். 2023இல் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. கடைகளை அகற்ற மாநகராட்சி வந்தபோது மீனவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். சாலை வருவதற்கு முன்பே குப்பம் இருந்தது என்பது அவர்கள் வாதம். 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் மாநகராட்சியின் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரை, மேடை, கழிவுநீர் வடிகால் எல்லாம் உண்டு. வஞ்சிரம் பளபளவென்று கிடந்தது. சங்கரா, காணாங்கத்தை, நெத்திலி எல்லாம் குவியல் குவியலாக இருந்தன. மறுநாள் கப்பல் ஏறுகிறவர்கள் மீன் வாங்கி என்ன செய்வது? ஆனாலும் அப்பத்தா ஒவ்வொரு மேடையிலும் நின்று செவுளைத் தூக்கிப் பார்த்து விலை விசாரித்தார். ஒரு பாட்டி பொறுமை இழந்து, “வாங்குறியா, பரீட்ச வெக்கிறியா?” என்று கேட்டதும் நகர்ந்தோம்.

லூப் சாலையிலிருந்தே சாந்தோம் பேராலயத்தின் கூர்ங்கோபுரம் தெரியும். கடல் பக்கமாக வந்தால் அந்தக் கோயில் ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும். சாந்தோம் நெடுஞ்சாலைப் பக்கமாக வந்தால் அது போக்குவரத்து நெரிசலில் நிற்கும் வெள்ளைக் கட்டடம், அவ்வளவுதான். பின்புறம் கடலை நோக்கிய இடத்தில் ஒரு மரக்கம்பம் நிற்கிறது. புனித தோமா நட்டது, கடல் அதைத் தாண்டாது என்று நம்பிக்கை. சுனாமியின்போதும் தாண்டவில்லை என்று சொல்கிறார்கள்.

இப்போதுள்ள ஆலயம் ஆங்கிலேயர் காலத்தில், 1893க்கும் 1896க்கும் இடையே கோத்திக் பாணியில் புதிதாக எழுப்பியது. பெரிய கோபுரம் 155 அடி. நடுக் கூரையில் இருக்கும் சின்னக் கோபுரம் நேர் கீழே தோமாவின் கல்லறை இருக்கும் இடத்துக்கு அடையாளம். 1956இல் இதற்கு பசிலிக்கா தகுதி கிடைத்தது. கல்லறைக்கு இறங்கிப் போனால் குளிர்சாதன அமைதி. நாலைந்து பேர் முழங்காலிட்டிருந்தார்கள். அப்பத்தா சுவரோரமாக உட்கார்ந்து, வீட்டில் கும்பிடுவது போலவே கும்பிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ இந்தக் கல்லறையைப் பற்றி எழுதியபோது இது வணிகர் அதிகம் வராத சிற்றூர். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இங்கே வழிபட வருகிறார்கள் என்றும், யாத்திரிகர்கள் இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சலுக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார்.

போர்ச்சுகீசியர் 1520களில் இங்கே குடியேறி, கல்லறையைப் புதுப்பித்து, மதில் சூழ்ந்த ஒரு நகரத்தைக் கட்டினார்கள். சாவோ தோமே என்ற அந்த நகரத்திலிருந்து சோழ மண்டலத் துணி மலாக்காவுக்கும் பெகுவுக்கும் போனது. 1606இல் தனி மறைமாவட்டமே வந்துவிட்டது. 1639இல் பிரான்சிஸ் டே ஆங்கிலக் கம்பெனிக்காக இடம் பிடித்தது இந்த நகரத்துக்குச் சற்று வடக்கே. ஆகஸ்டு 22ஆம் தேதியைச் சென்னை தினம் என்று கொண்டாடுகிறோம். அந்தப் பிறந்த நாளன்றே பக்கத்தில் நூறு வயது தாண்டிய ஓர் ஐரோப்பிய நகரமும், அதைவிட எவ்வளவோ மூத்த தமிழ் ஊரும் இருந்தன. 1662இல் கோல்கொண்டா படை சாந்தோமைப் பிடித்தது. 1672இல் பிரெஞ்சுக்காரர்கள் பறித்துக்கொண்டார்கள். இரண்டே ஆண்டில் டச்சுக்காரர்களும் கோல்கொண்டாவும் சேர்ந்து அவர்களைத் துரத்தினார்கள். மதில்கள் இடிக்கப்பட்டன. 1749இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது சாந்தோம் மதராசின் ஒரு தெற்குப் பேட்டையாகச் சுருங்கியிருந்தது. மதில் இருந்த இடத்தைக் கேட்டால் இன்று யாரும் காட்டுவதற்கில்லை.

கச்சேரி சாலை வழியே மேற்கே போனால் ஒரு கல் தூரத்துக்குள், மயிலை என்கிற மயிலாப்பூரில், கபாலீசுவரர் கோயில் வந்துவிடும். ஆட்டோக்காரர் ஆடிக் கூட்டத்தைக் காரணம் சொல்லி முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கம் திரும்ப மறுத்தார். அப்பத்தா விடவில்லை. இறங்கி நடந்தோம். சுற்றிலும் எவ்வளவு கட்டினாலும் அம்மன் இருக்கும் கருவறைக்கு மட்டும் இன்னமும் ஓலைக் கூரைதான். வரிசையில் பெண்கள் பொங்கல் பானைகளோடு நின்றார்கள். “எங்க ஊரு காளியாட்டமே இருக்கா” என்று சொல்லிவிட்டு வந்தார் அப்பத்தா. அதற்கு மேல் அங்கே அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கபாலி கோயிலுக்கு எல்லோரும் கிழக்கு ராஜகோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நுழைகிறார்கள். சுமார் 120 அடி உயரமுள்ள அது 1906இல் கட்டியது. மூலவர் மேற்கே, குளத்தைப் பார்த்து இருக்கிறார். கற்பகாம்பாள் தெற்கு பார்த்து. பிராகாரத்தில் புன்னை மரத்தடியில் ஒரு சிறு சன்னதி. உமை மயிலாக வந்து பூசித்த கதை அங்கே சிற்பமாக இருக்கிறது. மரத்தைக் காட்டி இதுதான் தல விருட்சம் என்றேன். அப்பத்தா அண்ணாந்து பார்த்துவிட்டு, “இது கடக்கரை மரமில்ல? நாகப்பட்டணத்துப் பக்கமெல்லாம் நிக்கும்” என்றார்.

அந்த மரத்தை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். அது எங்கே வளரும் மரம் என்று யோசித்ததில்லை. புன்னை நெய்தல் நிலத்து மரம். மணலும் உப்புக் காற்றும் அதற்குச் சொந்தம். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி இருக்கும் கோயிலுக்குக் கடற்கரை மரம் ஏன் தல விருட்சமாக இருக்கிறது? பழைய கபாலீசுவரம் கடலோரத்தில், இன்றைய சாந்தோம் பக்கம் இருந்தது, போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்து இங்கே புதிதாக எழுந்தது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி. சாந்தோம் பகுதியில் சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டு அருணகிரிநாதரின் திருப்புகழிலும் மயிலை கடற்கரைத் தலம்தான். கல்லையும் கட்டடத்தையும் இழந்த கோயில், தன் மரத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இங்கே பாடிய பூம்பாவைப் பதிகம் மயிலையின் ஆண்டு முழுவதையும் திருவிழாக்களாக எண்ணுகிறது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்ற அந்த வரிசையில் மாசிக் கடலாட்டும் ஒன்று. பாம்பு தீண்டி இறந்த பூம்பாவை என்ற பெண்ணின் எலும்பும் சாம்பலும் அடைத்த குடத்தை முன்னால் வைத்து, இந்த விழாக்களையெல்லாம் பார்க்காமல் போகலாமா என்று கேட்டு உயிர்ப்பித்ததாகக் கதை. பெண்ணின் தகப்பனார் சிவநேசர் வணிகர். மாசி மகத்தன்று மயிலைச் சாமிகள் கடலாடப் போகும் வழக்கம் இன்றும் உண்டு.

பல்லவன் மூன்றாம் நந்திவர்மனுக்கு நந்திக்கலம்பகம் தரும் பட்டங்களில் மல்லை வேந்தன் என்பதோடு மயிலை காவலன் என்பதும் உண்டு. மல்லை என்கிற மாமல்லபுரம், மயிலை இரண்டும் துறைகள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார், மயிலையில் பிறந்த வாயிலார் நாயனாரைச் சொல்ல வரும்போது முதலில் ஊரைத்தான் வருணிக்கிறார். அந்த வருணனையில் மரக்கலங்கள் கொண்டுவந்து இறக்கிய யானைக் கன்றுகள் வருகின்றன. அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழும். யானைக் கன்றை அலை உடையும் கரையில் எப்படி இறக்கியிருப்பார்கள்? காலையில் பட்டினப்பாக்கத்தில் இடுப்பளவு நீரில் நின்றவரைப் பார்த்த பிறகு அது அவ்வளவு நம்ப முடியாததாகத் தோன்றவில்லை. எந்த அலையை விடுவது, எதில் போவது என்று தெரிந்தவர்கள் யானையையும் இறக்கியிருப்பார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி தன் நிலநூலில் குறித்த ‘மலியார்ப்பா’ இந்த மயிலாப்பூர்தான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அவருக்குச் செய்தி சொன்ன மாலுமிகளும் இப்படித்தான் கரை ஏறியிருக்க வேண்டும்.

மதியம் மாட வீதிப் பக்கத்து மெஸ் ஒன்றில் வாழையிலைச் சாப்பாடு. வத்தக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார் அப்பத்தா. பித்தளைக் கடையில் ஒரு குத்துவிளக்கை விலை பேசி, கப்பலில் கொண்டுபோக முடியாது என்று நான் சொன்னதும் திரும்ப வைத்துவிட்டார். காளத்தி கடை ரோஸ் மில்க் குடித்துவிட்டு லஸ்ஸுக்குப் போனோம்.

லஸ் மாதா கோயிலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெயரைச் சாலைக்கும் சந்திப்புக்கும் கொடுத்துவிட்டு, அது தான் ஒரு சந்துக்குள் ஒதுங்கி நிற்கிறது. அதிலுள்ள கல் 1516 என்கிறது. சென்னையில் இன்றும் நிற்கும் தேவாலயங்களில் இதுவே மிகப் பழையது என்று சொல்வார்கள். புயலில் திசை தெரியாமல் தவித்த போர்ச்சுகீசிய மாலுமிகள் கரையில் ஒரு வெளிச்சத்தைக் கண்டு அதைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். இந்த இடத்தில் வெளிச்சம் மறைந்தது, அங்கே ஒளியின் மாதாவுக்குக் கோயில் கட்டினார்கள் என்பது கதை. அந்தக் காலத்தில் சுற்றிலும் காடு, அதனால் உள்ளூர்க்காரர்களுக்கு இது காட்டுக் கோயில். இப்போது சுற்றிலும் அடுக்குமாடிகள். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் மாலுமிகள் சொல்லும் கதை எப்போதுமே கரை சேர்வதைப் பற்றித்தான் இருக்கிறது என்பதைக் கவனிக்கலாம். நடுக்கடலில் அவர்களுக்கு அவ்வளவு பயம் இல்லை. கடைசி அரைக் கல் தூரம்தான் பயம்.

வெயில் தாழ்ந்ததும் கடற்கரைச் சாலைக்குத் திரும்பினோம். கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் இருப்பது எங்களைப் போன்றவர்களுக்கு வசதி. சென்னையின் நான்காவது விளக்கம் இது, 1977 முதல் எரிகிறது. அதற்கு முந்தையவை மூன்றும் வடக்கே, கோட்டையிலும் உயர் நீதிமன்ற வளாகத்திலும் இருந்தன. மூன்றாவதை உயர் நீதிமன்றத்தின் உச்சியிலேயே வைத்திருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் தெற்கே சாந்தோம் கோபுரமும் அதற்கப்பால் பட்டினப்பாக்கத்துக் குடியிருப்புகளும், வடக்கே பெரிய மணல்வெளியும், அதன் கோடியில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும் தெரிகின்றன.

அந்த மணல்வெளி பழையது இல்லை. 1861இல் கப்பலிலிருந்து சரக்கு இறக்க இரும்புத் தூண்கள் நட்டு ஓர் இறங்குபாலம் கட்டிப் பார்த்தார்கள். போதவில்லை. 1870களில் கடலுக்குள் இரண்டு கல் சுவர்களை நீட்டிச் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் அந்தச் சுவர்களைப் பெயர்த்துப் போட்டது. திரும்பவும் கட்டினார்கள். தெற்கேயிருந்து நீரோட்டம் கொண்டுவரும் மணல் கிழக்கு வாசலைத் தூர்த்தது. 1904இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வாசலை வடகிழக்குப் பக்கம் மாற்றிய பிறகுதான் துறைமுகம் நிலைத்தது. காலையில் பெரியவர் தெண்டி என்று சொன்ன அதே ஓட்டம்தான் பொறியாளர்களை இவ்வளவு காலம் திண்டாடவைத்தது. சுவரில் தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. சுவருக்கு வடக்கே மணல் வராமல் ராயபுரம் பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. நாம் சுண்டல் தின்று உட்காரும் மணல், வடசென்னை மீனவர்களுக்கு வராமல் போன மணல்.

கீழே இறங்கிச் சற்று வடக்கே போனால் ஐஸ் ஹவுஸ். 1842இல் கட்டிய அந்த வட்டக் கட்டடத்தில், அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து பிரெடரிக் டியூடர் கம்பெனி அனுப்பிய ஏரிப் பனிக்கட்டியைச் சேமித்தார்கள். மரத்தூளில் பொதிந்து மாதக்கணக்கில் கடலில் வந்த பனிக்கட்டி, துறைமுகம் இல்லாத அந்நாளில் இறங்கியதும் இதே அலைகளைத் தாண்டித்தான். 1897இல் விவேகானந்தர் தங்கியதால் அது இன்று விவேகானந்தர் இல்லம். பாஸ்டன் பனிக்கட்டிக் கதையைக் கேட்டதும் அப்பத்தா, “பினாங்குல எங்கப்பா ஐஸு கச்சான் வாங்கித் தருவாரு” என்று ஆரம்பித்து ரஜூலாவுக்கு வந்துவிட்டார்.

‘ரஜூலா’ 1926இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. ஆயிரக்கணக்கானவர்கள் திறந்த தளத்தில் பாயும் தகரப்பெட்டியுமாகப் பயணம் செய்தார்கள். தளப் பயணிகள் என்று அவர்களுக்குப் பெயர். நாகப்பட்டினத்தில் கப்பல் தொலைவில் நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். அப்பத்தாவின் அம்மா அந்தப் படகுக்குப் பயந்ததால், திரும்பும்போது துறைமுகத்தில் நேராக இறங்கலாம் என்று குடும்பமே சென்னைக்குச் சீட்டு எடுத்தது. இதை அவர் அதுவரை சொன்னதே இல்லை. ரஜூலாவுக்குப் பிறகு அந்தத் தடத்தில் ‘எம்.வி. சிதம்பரம்’ ஓடியது. 1985 பிப்ரவரியில் அது தீப்பிடித்ததோடு ஓட்டம் நின்றுபோனது. விமானம் வந்துவிட்டதால் யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. இன்று அந்தமானுக்குப் போகும் கப்பல்களை விட்டால், சென்னையிலிருந்து கடல் வழியாக ஓரிடத்துக்குப் போய்ச் சேர வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. எம்பிரஸில் ஏறுகிறவர்கள் போய்வரும் சுகத்துக்காக ஏறுகிறார்கள். நீச்சல்குளமும் நாடக அரங்கும் உள்ள அந்தக் கப்பல் 1990இல் சேவைக்கு வந்து, பல கடல்களில் பல பெயர்களில் ஓடிவிட்டு இங்கே வந்தது.

மறுநாள் மதியம் துறைமுகத்துக்குப் போனோம். கடவுச்சீட்டு, சுங்கம், பெட்டிக்கு ஒட்டுச் சீட்டு எல்லாம் முடிந்ததும் அப்பத்தா சக்கர நாற்காலியில் ஒரு சாய்தளத்தின் வழியே கப்பலுக்குள் போனார். கரை எங்கே முடிந்தது, கப்பல் எங்கே தொடங்கியது என்று காலுக்குத் தெரியவில்லை. “இவ்வளவுதானா?” என்றார். இவ்வளவுதான். அந்த ஓரடியை உண்டாக்கத்தான் பொறியாளர்கள் முப்பது நாற்பது ஆண்டுகள் கடலோடு மல்லுக்கட்டினார்கள். அதற்கு முந்தைய பதினேழு பதினெட்டு நூற்றாண்டுகள் தாலமியின் மாலுமிகள், பல்லவர் சரக்கு, சேக்கிழாரின் யானைகள், போர்ச்சுகீசியத் துணி, கம்பெனி கவர்னர்கள், பாஸ்டன் பனிக்கட்டி என எல்லாமே இந்தக் கரையின் மீனவர்கள் கையில்தான் இறங்கின, ஏறின. கோட்டை கட்டியவர்களுக்கும் கோயில் கட்டியவர்களுக்கும் ஊரில் பெயர்ப்பலகை இருக்கிறது. துறைமுகம் கட்டியவருக்கும் வரலாற்றில் இடம் இருக்கிறது. துறைமுகம் இல்லாமலே ஒரு துறைமுகப் பட்டினத்தை நடத்திக் காட்டியவர்களின் வாரிசுகளிடம்தான் மீன் பலகையை நகர்த்தச் சொல்லி வாதாடுகிறோம்.

கப்பலுக்கு முன்னால் உங்களுக்கும் ஒரு நாள் கிடைத்தால் அதை ரயிலடி விடுதியில் தொலைக்காதீர்கள். மயிலாப்பூரில் தங்குங்கள். கோயில் நடை மதியம் சாத்திவிடும் என்பதால் சாந்தோமையும் கபாலியையும் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். லஸ், ஐஸ் ஹவுஸ், கலங்கரை விளக்கம் மதியத்துக்கு மேல். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், விடிவதற்குள் பட்டினப்பாக்கத்துக்குப் போய் ஒரு படகு அலை தாண்டுவதைப் பார்த்துவிடுங்கள். அதைப் பார்க்காமல் போனால் மற்ற இடங்களெல்லாம் தனித்தனிக் கட்டடங்களாகத்தான் தெரியும்.